டிஸ்சார்ஜ் புக்கில் வெட்டுப்பட்ட ஓரம்

திருத்தங்கல்
1-11-2025

அன்பு மகன் தருண்குமாருக்கு அம்மா பேச்சியம்மாள் எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உண்டு உறங்கி சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த மஸ்கட் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு மேலுக்கு ஒன்றும் வராமல் இருக்க நின்ற நாராயணப் பெருமாள் துணையிருக்கட்டும். வாராவாரம் போனில் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். பக்கத்துத் தெரு சாம்சுந்தர் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிறான், அவன் கையில் காராச்சேவு, பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் இவற்றோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்ல முடியாத ஒரு விஷயம் ராசா. போன் எடுத்தால் அப்பா அதே அறையில் இருப்பார், அக்கா வந்திருந்தால் அவள் பிள்ளை ரோஷினி ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள், அதுவும் இல்லையென்றால் சாப்பாட்டையும் வெயிலையும் கேட்டுவிட்டு நானே போனை வைத்துவிடுவேன். எட்டாங்கிளாஸ் படிப்பும் முப்பது வருஷம் நோட்டுக் கம்பெனியில் பார்த்த எழுத்தும்தான் எனக்கு, தப்பும் தவறும் இருந்தால் பொறுத்துக்கொள். வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு வாசிக்காதே. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து வாசி.

முதலில் ஊர்ச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நேராக அதற்குள் போகத் தைரியம் வராது. தீபாவளிக்கு முதல் நாள் தொடங்கிய மழை விட்டு விட்டுப் பெய்கிறது, வெம்பக்கோட்டை அணைக்குத் தண்ணீர் வந்திருக்கிறதாம். அக்கா ஸ்ரீமதி சாத்தூரிலிருந்து வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளைக்கு இந்தத் தடவை சீசன் சுமார்தான், பட்டாசு லோடு கடைசி நேரத்தில்தான் போனது. நீ அனுப்பிய சேலையைத் தீபாவளிக்குக் கட்டினேன். கட்டிக்கொண்டு நிற்கும்போது அப்பா ஏறிட்டுப் பார்த்து, பயல் நல்ல கலராகத்தான் எடுத்திருக்கிறான் என்றார். அவருக்கு நீ ஒன்றும் அனுப்பவில்லை. பத்து வருஷமாக அப்படித்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு டார்ச் லைட் அனுப்பினாயே, வீட்டுக்கு என்று சொல்லி, அதை அவர் தனக்கென்றே எடுத்துக்கொண்டார், தலைமாட்டிலேயே வைத்திருக்கிறார், சும்மா சும்மா திறந்து பேட்டரியைத் துடைப்பார். நீ அனுப்பிய ஒவ்வொரு சேலையையும் கட்டும்போது எனக்கு மேலெல்லாம் முள்ளாகக் குத்தியிருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆனி மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மதுரைக்குக் கொண்டுபோனோம், உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தபிறகு அவருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தனக்கு ஒன்று ஆகிவிட்டால் எனக்கு வரவேண்டிய குடும்பப் பென்ஷன் தடையில்லாமல் வருமா என்று. இப்போது பட்டாளத்துப் பென்ஷன் எல்லாம் கம்ப்யூட்டரில் ஸ்பர்ஷ் என்று ஒன்றில் இருக்கிறது அல்லவா, அதை எடுத்துப் பார்த்தால் பெண்சாதி என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது, பிறந்த தேதி காலியாகக் கிடக்கிறது. விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் முன்னாள் படைவீரர் நல ஆபீஸுக்குப் போய்க் கேளுங்கள் என்று பட்டாளத்துக்காரர்கள் சங்கத்தில் சொன்னார்கள். ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். அங்கே ராஜசிங் என்று ஒரு தம்பி, அவரும் பட்டாளத்தில் நாயக் ராங்கில் இருந்தவர்தான், பொறுமையாகப் பேசுகிறார். அப்பாவுக்குப் படியேறியதில் மூச்சு வாங்கியதால் வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான்தான் உள்ளே போனேன். டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுங்கம்மா என்றார், அப்பா பட்டாளத்திலிருந்து விலகி வரும்போது கொடுத்த புத்தகத்தைத்தான். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவர் புக்கை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். லேமினேஷன் போட்டிருந்த குடும்ப விவரப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, பழைய புக்கு தம்பி, ஓரம் கிழிந்துவிட்டது என்றேன். அவர் விரலால் ஓரத்தைத் தடவிவிட்டு, “இது கிளிஞ்சதில்லம்மா. கத்தி போட்டு வெட்டுனது. இம்புட்டு நேராக் கிளியாது. யாரு வெட்டுனா?” என்று கேட்டார். வருஷம் பதினாறு ஆகிறது ராசா, அதுவரை ஒருத்தரும் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. முன்பின் தெரியாத அந்த மனுஷரிடம், “நாந்தான்யா வெட்டுனேன்” என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு அங்கேயே அழுதுவிட்டேன், அவர் என்னமோ ஏதோ என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

ஆமாம் தருணு, நான்தான் வெட்டினேன். உன்னிடம் முதலிலிருந்து சொல்கிறேன். நீ பத்தாங்கிளாஸோ பதினொன்றோ படித்த சமயம், 2009 ஐப்பசி, காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது, நான் கம்பெனியில் பைண்டிங் பிரிவில் இருந்தேன். அப்பாவோட டிஸ்சார்ஜ் புக் அட்டை பிய்ந்து, கம்பிப் பின் துருப்பிடித்து, மூலையெல்லாம் நாய்க்காது மாதிரி மடங்கிக் கிடந்தது. அப்பா விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வாட்ச்மேன் வேலைக்குப் போகும்போது அதைக் காட்டவேண்டி இருந்தது, அந்த நிலையில் காட்ட அவருக்குக் கூச்சம். நான் இருக்கும்போது உங்களுக்கு என்ன என்று பெருமையாக வாங்கிக்கொண்டு போனேன். கணக்கு நோட்டுக்கு எப்படிச் செய்வோமோ அப்படியே பின்னைக் கழற்றி, முதுகில் காலிகோ துணி ஒட்டி, புது அட்டை போட்டேன். அட்டை போட்டால் மூன்று பக்கமும் சீராக வெட்டவேண்டும், அதுதானே எங்கள் பழக்கம். கட்டிங் மெஷினில் ஊர்க்காவலன் அண்ணன் நின்றிருந்தார். மெஷினில் வைத்துவிட்டு, “ஏம்மா பேச்சி, ஓரத்துல செவப்பா என்னமோ எளுத்து மாதிரி தெரியுது, பாத்துக்கிட்டியா?” என்று கேட்டார். பின்னால் இரண்டு மரத்தட்டு நிறையக் காலண்டர் வெட்டுக்கு நிற்கிறது, சூப்பர்வைசர் சத்தம் போடுகிறார். அது நோட்டு மார்ஜின் கோடு அண்ணே, அடிங்க என்று சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு ஆயிரம் நோட்டில் சிவப்பு மார்ஜின் கோடு பார்க்கிற கண்ணுக்கு அது கோடாகத்தான் தெரிந்தது. பிரஸ்ஸில் இருக்கிற எங்களுக்கு ஓரம் என்றால் வெட்டிப் போடுவதற்காக விட்ட இடம். பட்டாளத்துக் கிளார்க்குகள் அந்த இடத்தில்தான் முக்கியமானதை எழுதுவார்கள் என்று எனக்கு எங்கே தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து, காபி போட்டு வைத்துவிட்டு அழகு பார்த்தேன். குடும்ப விவரப் பக்கத்தில் டைப் அடித்த வரியில் என் பெயரும் அக்கா பெயரும் இருந்தது. உன் பெயர் இல்லை. பக்கத்தின் விளிம்பில் ஊதா நிறத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு, பாதிதான் இருந்தது, மறுபாதி வெட்டில் போய்விட்டது. எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அப்பா பென்ஷன் வாங்கி வந்த புதிதில் ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார், டைப் அடித்தவன் என் மகன் பெயரை விட்டுவிட்டான், கிளம்புகிற நாளில் நான் பார்த்துச் சத்தம் போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் எழுதவைத்து, ஆபீசரிடம் கையெழுத்தும் சீலும் வாங்காமல் நான் நகரவில்லை என்று. அந்த ஓரத்தைத்தான் நான் வெட்டிப் போட்டேன்.

தெரியாமல் வெட்டியது ஒரு தப்பு. அதற்குப்பிறகு செய்ததெல்லாம் தெரிந்து செய்தது, அதுதான் என்னை அறுக்கிறது. வெட்டுத் துண்டுகளை எல்லாம் சாக்கில் கட்டி குடோனுக்குப் பின்னால் சாத்தி வைப்பார்கள், சனிக்கிழமைதான் வேஸ்ட் பேப்பர்காரர் லாரி வரும். மறுநாள் வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் இரண்டு சாக்கை அவிழ்த்துக் கையை விட்டுத் துழாவினேன். நாற்பது சாக்கு இருந்தது. ஒருத்தி வந்து என்னக்கா தேடுறீக என்று கேட்டாள், தோட்டுத் திருகு விழுந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டுத் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். அப்பாவிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால் அவர் ஆபீசுக்கு எழுதிப் போட்டு நான்கைந்து மாதத்தில் சரிசெய்திருப்பார், கையில் நான்கு வருஷத்துக்கு மேல் இருந்தது. ரெண்டையும் செய்யவில்லை. அந்தப் பாதி ஸ்டாம்பு கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று, முதல் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் மங்கலான பிளாஸ்டிக்கில் லேமினேஷன் போட்டு வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, சங்கத்துக்குக் கொண்டுபோய் எல்லாரிடமும் என் வீட்டுக்காரி கைவேலை என்று காட்டினார்.

மீதி உனக்குத் தெரியும், ஆனாலும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நீ பட்டாளத்தில் சேர்வதற்காக வெம்பக்கோட்டை அணைக்கரையில் தினமும் விடிகாலையில் ஓடினாய், அப்பா டிவிஎஸ்ஸில் பின்னாலேயே வாட்சைப் பிடித்துக்கொண்டு வருவார். 2014-ல் தூத்துக்குடி ஆளெடுப்பில் ஓட்டத்தில் முதல் குரூப்பில் வந்தாய். உயரத்தில்தான் ஒன்றரை சென்டிமீட்டர் குறைச்சல், படைவீரர் மகனுக்கு அதில் சலுகை உண்டு. அதற்குத்தான் டிஸ்சார்ஜ் புக்கைக் கேட்டார்கள். புக்கில் உன் பெயர் இல்லை, புக்கும் வெட்டி ஒட்டியிருக்கிறது, ரெக்கார்ட் ஆபீசிலிருந்து உறவுச் சான்று வாங்கி வா என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அப்படி வெட்டிய புக்கை யார் நம்புவார். ஜூலையில் உனக்கு இருபத்தொன்று முடிகிறது, அதற்குமேல் சேர்க்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்து புக்கைத் தரையில் போட்டுவிட்டு அப்பாவிடம் கேட்டாய், “அக்காள எளுதத் தெரிஞ்சிச்சுல்லா? என்னைய ஒங்க பிள்ளன்னு எங்கனயாச்சும் எளுதியிருக்கீகளா?” என்று. எழுதியிருக்கிறேன் என்றார் அவர். எங்கே, காட்டுங்கள் என்றாய். அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை. நான் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டு நின்றேன். கஞ்சி கையில் கொட்டியது, சத்தம் போடாமல் நின்றேன். நீ வெளியே போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

அன்றையிலிருந்து நீ அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. அடுத்த மாசியில் மஸ்கட் போய்விட்டாய். அக்கா வளைகாப்புக்கு வந்தபோதும், அடுத்த தடவை வந்தபோதும், அவரிடம் நீ பேசியது வாரேன், போயிட்டு வாரேன் என்ற இரண்டு வார்த்தைதான். நான் நடுவில் நின்று அப்பா கேட்டார், தம்பி சொன்னான் என்று தபால்காரி வேலை பார்த்தேன். நீ என்மேல் பாசமாக இருக்க இருக்க, அது அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்ட சாமான் மாதிரி இருந்தது எனக்கு. இந்தப் பதினோரு வருஷத்தில் நான் ஒருநாள் வாயைத் திறந்திருந்தால் போதும். பயந்தேன் ராசா. நீ என்னிடமும் பேசாமல் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று பயந்தேன்.

ராஜசிங் தம்பி நல்ல மனுஷர். அழுது முடித்ததும், இதற்கெல்லாம் வழி இருக்கிறதம்மா என்று உட்காரவைத்துச் சொன்னார். அதையும் உனக்கு எழுதுகிறேன், நாளைக்கு எங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் நீயும் அக்காவும்தான் அலையவேண்டும். நம்மிடம் இருப்பது ஒரு பிரதிதான், அசல் விவரமெல்லாம் அப்பா வேலை பார்த்த பிரிவின் ரெக்கார்ட் ஆபீசில் இருக்கும். அப்பாவோட பட்டாள நம்பர், ராங்க், சேர்ந்த தேதி, விலகின தேதி எல்லாம் எழுதி, பென்ஷன் ஆர்டர் நகல், ஆதார் நகல் வைத்து, அப்பா கையெழுத்துப் போட்டு, மாவட்ட நல ஆபீஸ் மூலமாக அனுப்பினால் அவர்கள் பதிவில் உள்ளதை எழுதி அனுப்புவார்கள். புக் தொலைந்தே போய்விட்டதென்றால் முதலில் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதி வாங்கி, நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அதோடு சேர்த்து அனுப்பவேண்டும், இன்னொரு புக் தரமாட்டார்களாம், அதற்குப் பதிலாக ஒரு சான்றுதான் தருவார்களாம். எல்லாக் காகிதத்தையும் காலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள், சிலதை வருஷக் கணக்குப் பார்த்து அழித்துவிடுவார்கள், அதனால் ஆள் இருக்கும்போதே கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்றார். செத்தபிறகு அலைகிறவர்கள்தான் ஜாஸ்தியாம். அன்றைக்கே மனு எழுதிக் கொடுத்தார். என் பிறந்த தேதியோடு குடும்ப விவரம் முழுவதையும் கேளுங்கள் தம்பி என்று நான் சொன்னேன். அவர் அதையும் சேர்த்து எழுதினார். வெளியே வந்து அப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன், அவர் வாசிக்காமலே போட்டார்.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் ரிஜிஸ்தர் தபால் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. அப்பாவிடம் காட்டாமல் பையில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் மாத்திரை எழுத வேண்டும் என்று பொய் சொல்லி மறுபடியும் விருதுநகருக்குப் பஸ் ஏறினேன், அதுதான் நான் அவரிடம் சொல்லும் கடைசிப் பொய்யாக இருக்கட்டும். ராஜசிங் தம்பி வரிவரியாகத் தமிழில் சொன்னார். என் பெயர், பிறந்த தேதி, அக்கா பெயர், அதற்குக் கீழே உன் பெயர். அந்த வரியை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அது என்ன சொல்கிறது என்று கடைசியில் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்வதென்று முடிவுசெய்தேன். உனக்கே தெரியும், அவருக்கு இடது காது பட்டாளத்தில் பீரங்கியோடு போயிற்று, வலது காதில் பாதியை விஸ்வநத்தத்துப் பட்டாசு தின்றுவிட்டது. அவரிடம் எதைச் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும். என் குற்றத்தை மெதுவாகச் சொல்லக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. மத்தியானம், அவர் உன் டார்ச்சைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசல் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலையும் சாத்திவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்து வலது காதோடு வாய் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊர்க்காவலன் அண்ணன் கேட்டது, சாக்கு, லேமினேஷன் எல்லாம். அவர் டார்ச்சைப் பூட்டி முடித்தார். பிறகு எழுந்துபோய் அவருடைய கறுப்புப் பெட்டியைத் திறந்து, பட்டாளத்து ஸ்வெட்டருக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்துவந்து என் மடியில் போட்டார்.

அது ரெக்கார்ட் ஆபீஸ் கவர். 2014 செப்டம்பர். நீ தூத்துக்குடியிலிருந்து வந்த மறுநாளே அவர் சங்கத்தில் யாரையோ பிடித்து எழுதிப் போட்டிருக்கிறார், நம்பர் ஒன்று விட்டுப்போய் ஒரு தடவை திரும்பி வந்து, மறுபடி அனுப்பி, பதில் வரும்போது உனக்கு இருபத்தொன்று முடிந்து இரண்டு மாதம். அதில் உன் பெயர் இருக்கிறது தருணு. மகன் என்று போட்டு, சீல் வைத்து. அப்போது நீ இந்த வீட்டில்தான் இருந்தாய், இவரோடு பேசாமல் இவர் எதிரிலேயே சாப்பிட்டாய், அந்தக் கவர் பெட்டிக்குள் இருந்தது. ஏன் அவனிடம் காட்டவில்லை என்று நான் அவர் கையைப் பிடித்துக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “வயசு போயிருச்சு, காட்டி என்னத்துக்கு ஆவப்போவுது. காட்டுனா, அப்பம் புக்குல ஏன் இல்லன்னு கேப்பான்லா. நீ என்ன பதில் சொல்லுவ? பிளாஸ்டிக்குக்கு அடியில பாதி சீலு இருந்ததை, அவன் புக்கத் தரையில போட்ட அன்னைக்கே நான் பாத்துட்டேன். ரெண்டு பேருல ஒருத்தர்கிட்டயாவது அவன் பேசட்டும்னுதான் வச்சிருந்தேன்.”

அதற்குப்பிறகு என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பதினோரு வருஷம் எனக்குப் பதிலாக அவர் வாங்கிக்கொண்டார், அதையும் என்னிடம் சொல்லிக்காட்டாமல் வாங்கிக்கொண்டார், நான் வேறு அவ்வப்போது, நீங்களாகக் கூப்பிட்டு அவனிடம் பேசினால் என்ன, அம்புட்டு வறட்டுக் கௌரவமா என்று அவரையே குத்தியிருக்கிறேன். இந்தக் கடிதம் எழுதப்போகிறேன் என்று சொன்னதற்கு வேண்டாம் என்றார். ஆறின புண்ணு, பயல் அங்கே தனியாக இருக்கிறான், அவன் மனசைக் கெடுக்காதே என்றார். புருஷன் சொல்லைத் தட்டி எழுதுகிறேன். அவர் பேச்சைக் கேட்டு நல்லபிள்ளையாக இருந்தால் எனக்குத்தானே லாபம், அந்த லாபம் இனிமேல் எனக்கு வேண்டாம்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ போட்டுக்கொள்ள ஆசைப்பட்ட உடுப்பை உனக்கு இல்லாமல் செய்தது நான், அதை மாற்ற யாராலும் முடியாது. மன்னித்துவிடு என்று கேட்கத் தோன்றுகிறது, ஆனால் அதை நான் முதலில் கேட்கவேண்டியது அப்பாவிடம், நான் உனக்கும் கடன்பட்டவள் அவருக்கும் கடன்பட்டவள். என்னிடம் எத்தனை நாள் பேசாமல் இருக்கவேண்டுமோ இரு. அந்தப் பேசாமை ஆள் மாறி அவருக்குப் போய்விட்டது, அவ்வளவுதான், இனி அதை என்னிடம் கொடு.

இதோடு ஒரு நகல் வைத்திருக்கிறேன். அசல் இரண்டும் இங்கே வெள்ளைத் துணியில் சுற்றி அப்பா பெட்டியில் இருக்கிறது, ராஜசிங் சொன்னபடி ஒரு செட் அக்காவிடம், ஒரு செட் உன்னிடம், ஒரு செட் கெஜட்டட் ஆபீசரிடம் அட்டெஸ்டேஷன் வாங்கி வீட்டில். போனிலும் படம் எடுத்து வைத்திருக்கிறோம், ஆனால் ஆபீசிலிருந்து பேசுகிறோம், பென்ஷன் நம்பர் அனுப்புங்கள் என்று யார் கூப்பிட்டாலும் அனுப்பக்கூடாதாம், சங்கத்தில் ஒருத்தருக்கு அப்படி ஆகிவிட்டது. லேமினேஷன் போடவே கூடாது, சீல் நிஜமா என்று தடவிப் பார்க்க முடியாமல் போகிறதாம். ஓட்டை போடக்கூடாது, ஒட்டக்கூடாது. வெட்டக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. உன் பாஸ்போர்ட்டைக் கம்பெனியில் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றாயே, அதன் எல்லாப் பக்கத்துக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள், முன்பு வேலை பார்த்த இடத்துச் சர்ட்டிபிகேட்டையும் கேட்டு வாங்கு, பிறகு பார்க்கலாம் என்று விடாதே. குளிர் தொடங்குமுன் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளி, ஏசிக்கு நேரே தலை வைத்துப் படுக்காதே.

நகலில் நான் பென்சிலால் கோடு போட்டிருக்கிற வரியைப் பார். உன் பெயர், 9-7-1993 என்று பிறந்த தேதி, பக்கத்தில் உன் பெயரைப் பதிவில் சேர்த்த ஆர்டர் நம்பர், அந்த ஆர்டர் போட்ட தேதி 21-7-1993. பன்னிரண்டு நாள். அப்பா அப்போது பனிமலையில் இருந்தார். நம் போஸ்ட் ஆபீசிலிருந்து உன் மாமன் அடித்த தந்தி அவர் கைக்குப் போவதற்கே எட்டு நாள் ஆனது என்று சொல்லியிருக்கிறார். தந்தி கிடைத்ததும் அவர் செய்த முதல் வேலை, கீழே இறங்கிப்போய்க் கிளார்க்கிடம் உன் பெயரை எழுதக் கொடுத்ததுதான். கூட இருந்த வடக்கத்திக்காரர் தருண் என்று சொல்ல, இவர் நம்ம ஊருக்குக் குமாரைச் சேர்த்துக்கொண்டார், இங்கே எங்களுக்குக் கடிதத்தில் பெயர் வந்து சேர்வதற்கு முன்னாலேயே அங்கே பதிவில் ஏறிவிட்டது. அவருக்கு லீவு கிடைத்து வந்தது அடுத்த பிப்ரவரியில், நீ குப்புற விழுந்து நீந்துகிற பருவத்தில். உன் முகத்தைப் பார்ப்பதற்கு ஏழு மாதம் முன்னாலேயே உன்னைத் தன் பிள்ளை என்று எழுதிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார் ராசா.

நீ தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல், நல்ல இடத்தில் பெண் அமைந்து, பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நீ என் நம்பருக்குத்தான் கூப்பிடுவாய். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்தபிறகு வருகிற ஞாயிறு, நான் போனை அப்பா கையில் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவேன். அவர் வலது காதில் வைத்திருப்பார், உரக்கப் பேசு. சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார், வேறு கேட்கத் தெரியாது. நீயும் பெரிதாக ஒன்றும் சொல்லவேண்டாம். எழுதியிருக்கீக, பார்த்தேன் அப்பா என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
ச. பேச்சியம்மாள்